மேல் சத்தம்

இசைத்தட்டின் மேல் ஊசி இறங்கியதும் பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழுமே, அதைப் போல மெல்லிய "ஸ்ஸ்". அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பொரிவுகள். அப்புறம், பாடப்போகிறவர் ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை. அந்த மூச்சு கேட்டதும் அப்பா ஆள்காட்டி விரலை உயர்த்துவார். விரல் உயர்ந்துவிட்டால் வீட்டில் யாரும் பேசக்கூடாது, பாத்திரம் உருட்டக்கூடாது, முடிந்தால் தும்மக்கூட வேண்டாம். அம்மா மட்டும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவளாய் அடுப்படியிலிருந்து, "மூச்சு உடறதையெல்லாம் தட்டுல புடிச்சு வித்துப்போட்டான் பாரு, கெட்டிக்காரன்" என்பாள்.

மூச்சு விட்டவர் அமெரிக்காக்காரர். ராக் அண்ட் ரோல் என்று உலகம் ஆடித் தீர்த்த காலத்தில் பாடிப் பேரெடுத்தவர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், எங்கள் வீட்டிலும் அதை யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு அவர் "நம்மாளு". அம்மாவுக்குக் "கூப்பாட்டுக்காரன்". நான் பிறப்பதற்கு முன்பே அவர் செத்துப்போனார் என்பதும், அப்படியிருந்தும் அவருடைய தட்டுகள் வருடா வருடம் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன என்பதும் சின்ன வயதில் எனக்குப் பெரிய குழப்பம்.

அப்பா பிறந்தது வால்பாறையில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். அவரைப் பெற்றவர்கள் தேயிலைக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் துரைமார் கிளப்பில் பாட்டு வைப்பார்களாம்; வேலிக்கு இந்தப் பக்கம் தூறலில் நின்றுகொண்டு அப்பா அதைக் கேட்பாராம். "காலெல்லாம் அட்டை ஏறி ரத்தம் குடிச்சிருக்குது, பாட்டு முடியற வரைக்கும் ஒண்ணும் தெரியலை கண்ணு" என்று அதைப் பெருமையாகச் சொல்வார். பின்னாளில் அந்தக் கிளப் கைமாறி, பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது நம்மாளின் தட்டு ஒன்று அப்பாவின் கைக்கு வந்தது. வாசிக்கப் பெட்டி இல்லை, மின்சாரமும் இல்லை, தட்டு மட்டும் துணிக்குள் சுற்றித் தகரப்பெட்டியில் பல வருடம் கிடந்தது. கோயமுத்தூருக்கு இறங்கி வந்து மில் வேலையில் சேர்ந்து, கல்யாணமும் ஆன பிறகுதான் பழைய பாட்டுப்பெட்டி ஒன்று வாங்க முடிந்தது. "கட்டிக்கிட்ட புதுசுல எனக்கு ஒரு சீலை எடுத்துக் குடுங்கன்னேன், பொட்டியத் தூக்கிட்டு வாராரு உங்கப்பன்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டினாள்.

அப்பாவுக்கு மில்லில் தறி செக்ஷனில், தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. தறிகள் ஓடும் கூடத்தின் சத்தத்தை அதற்குள் போகாதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. நான் ஒரே ஒருமுறை, ஆயுதபூஜைக்கு முந்தைய நாள், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கதவருகில் நின்றிருக்கிறேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் தலைக்குள் அந்தச் சத்தம் நிற்கவில்லை. அதற்குள்தான் இவர் தினம் ஒரு சிப்ட் நின்றார். ஊருக்கெல்லாம் துணி நெய்து கொடுத்த மில்லில் காதைப் பொத்திக்கொள்ள ஒருவருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, கேட்கவேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. எவனாவது கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு வந்தால், "மாப்பிள்ளைக்குக் காது குத்தியிருக்குதுங்களா?" என்று சிரித்தே அதை எடுக்க வைத்துவிடுவார்களாம். இதை அப்பா சிரித்துக்கொண்டுதான் எங்களிடம் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் நாங்கள் இருந்த லைனில் எல்லா வீட்டு ஆண்களும் மில்லுக்காரர்கள். அதனால் எல்லா வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். அன்னூரிலிருந்து வரும் அம்மாவின் சொந்தக்காரர்கள், "உங்கூட்டுல ரகசியம் பேசுனா அடுத்த ஸ்டாப்புல பஸ்சு நின்னுரும்" என்று கேலி செய்வார்கள். ஒருவர் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்றால் அதை மறைத்து வைக்க இதைவிடத் தோதான இடம் இந்தப் பூமியில் கிடையாது.

நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போன நாட்களில் நம்மாளின் பழைய பாட்டுகளே புதிய அட்டையோடு மறுபடி வர ஆரம்பித்தன. டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் ரங்கசாமி அண்ணன் என்பவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழுமாகப் பேசுகிற, வெற்றிலை போடாத நேரத்திலும் சிரித்த வாயோடு இருக்கிற மனிதர். புதிதாக வந்தால் அப்பாவுக்கென்று ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். அப்பா அதை வாங்கி வந்தால், அடுத்து வரும் ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து கறிச்சோறு உண்டு முடித்த பிறகு "ஒத்துப் பாக்கறது" நடக்கும். முதலில் பழைய தட்டில் ஒரு பாட்டின் முதல் நாலு வரி, உடனே புதிய தட்டில் அதே நாலு வரி, மறுபடி பழையது. ஊசியை எடுத்து வைக்கிற வேலை என்னுடையது, ஏனென்றால் அப்பாவின் விரல்கள் ஸ்பேனருக்குப் பழகியவை. பாட்டில் அவர் மூன்றைப் பார்ப்பார்: அடிச்சத்தம், குரல், "மேல் சத்தம்". ட்ரம்மோடு சேர்ந்து மணிபோல ஒலிக்கிற பித்தளைத் தட்டும், விரல் சொடுக்கும், அந்த மூச்சும் மேல் சத்தத்தில் அடக்கம். அடியும் குரலும் எவன் போட்டாலும் வந்துவிடும், பாட்டுக்கு உசுரு மேல் சத்தத்தில்தான் இருக்கிறது என்பது அவருடைய முடிவு.

முதல் தடவை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கம்பெனிக்காரர்கள் பழைய பாட்டைப் புது மோஸ்தருக்கு மாற்றுகிறேன் பேர்வழி என்று கிணற்றுக்குள் பாடுவது போல எதிரொலி சேர்த்திருந்தார்கள். எனக்கே அது கேட்டது. "பாத்தியா, மேல் சத்தத்தைக் கொன்னு போட்டான்" என்று அப்பா மேஜையைத் தட்டினார். அடுத்து வந்த கேசட்டும் கொஞ்சம் மந்தம்தான். அந்த இரண்டு வெற்றிகள் போதும், அப்புறம் தன் காதை அவர் சந்தேகிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும் அவருக்கு மந்தமாகவே இருந்தது. எனக்கு இல்லை. ஒரு தட்டை வைத்துவிட்டு, "அந்த மணி கேக்குதா கண்ணு?" என்றார். "கேக்குதுங்கப்பா, நல்லாவே கேக்குதுங்க" என்றேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து, "வாங்கியாந்தது வீணாப் போச்சேன்னு அப்பன் சங்கடப்படுவேன்னு சொல்றியாக்கும்? அப்பனுக்காகச் சொல்லாத கண்ணு. இல்லாட்டி இல்லைன்னு சொல்லோணும்" என்றார். நான் மறுபடி மறுபடி கேட்கிறது என்றேன். என் நல்ல குணத்தை நினைத்து அவர் மறுபடி மறுபடி பூரித்துப்போனார்.

பருப்பு தீய்ந்த கதையும் இதே காலம்தான். அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது, "ஏனுங்க, விசிலு வந்தா அடுப்ப நிறுத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வந்து பார்த்தால் குக்கர் அலறிக்கொண்டிருக்கும், வீடெல்லாம் தீய்ந்த வாசம், இவர் பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "அந்தக் கூப்பாட்டுக்காரன் வாயத் தொறந்தா இந்த மனுசனுக்கு ஊடு பத்தி எரிஞ்சாலும் தெரியாது!" என்று அம்மா கரித்துணியை வீசுவாள். நாங்கள் எல்லோரும் நம்பினோம், அக்கம்பக்கமும் நம்பியது, அப்பாவே நம்பினார்: பாட்டுக் கிறுக்கு, வேறொன்றுமில்லை. எவ்வளவு முட்டாள்களாக இருந்திருக்கிறோம்!

கடைக்குப் போய் அப்பா முறையிடுவார். "என்னங்க இப்பிடிப் பண்ணிப்போட்டாங்க, மேல் சத்தமே இல்லீங்களே" என்பார். ரங்கசாமி அண்ணன் தட்டை வாங்கி விளக்கில் திருப்பிப் பார்த்து, "ஆமாங்க, இப்பெல்லாம் அப்பிடித்தானுங்க போடறாங்க. பழைய சரக்கு வருமுங்களா?" என்பார். பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளரும் தலையாட்டி, "ஆமாங்க, எல்லாமே அப்பிடி ஆயிப்போச்சுங்க" என்பார். இவ்வளவு பேர் ஒத்துக்கொண்ட பிறகு அப்பாவுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? சீமையில் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்கிறார்கள், அதனால்தான் இப்படி என்று அவர் ஒரு காரணமும் கண்டுபிடித்துச் சொல்ல ஆரம்பித்தார். அதற்கும் ஊர் ஆமாங்க என்றது.

சிடி வந்த காலத்தில், நம்மாளின் முதல் ஒலிப்பதிவு நாடாக்களிலிருந்தே நேராக எடுத்துச் சுத்தம் செய்த பதிப்பு ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டு அப்பா மாதக்கணக்கில் காத்திருந்தார். அது வந்துவிட்டது என்று ரங்கசாமி அண்ணன் ஆள் சொல்லி அனுப்பிய சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு உண்டு. அண்ணன் அதில்தான் போட்டார். அந்த மூச்சு வந்தது பாருங்கள், எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்துவிட்டது. அந்தப் பித்தளை மணி, விரல் சொடுக்கு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சின்ன ஓசை உட்பட எல்லாம் இருந்தன. சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். சந்தோஷத்தோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "இதுவும் அப்பிடித்தானுங்க இருக்குது" என்றார். ரங்கசாமி அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமாங்க, அப்பிடித்தானுங்க" என்றார்.

கடையில் இன்னொருவரும் நின்றிருந்தார், சென்னையிலிருந்து இங்கே படிக்க வந்த பையன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "என்ன சார் டல்லுன்றீங்க? ஸ்ஸுன்னு வர்றதெல்லாம் காதைக் கிழிக்குதே! உங்க காதுல ஏதாவது பிரச்சினையா சார்?" என்றார். ரங்கசாமி அண்ணனுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "ஏனுங்க தம்பி, பெரியவங்ககிட்டப் பேசற பேச்சுங்களா இது?" என்று எழுந்துவிட்டார். அப்பாதான் கையமர்த்தினார். "உடுங்க, தம்பி கேட்டதுல ஒண்ணும் தப்பில்லீங்க" என்று சிரித்து, சிடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டுப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதியது எதுவும் வேண்டாம், அந்த முதல் தட்டை வை என்றார். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். நான் ஊசியை இறக்கினேன். அந்த "ஸ்ஸ்" எழுந்து அறை முழுக்க நிறைந்தது, பொரிவுகள் வந்தன, மூச்சு வந்தது. விரல் உயரவில்லை. "வெச்சுட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. குரல் கேட்டதும் கண்ணைத் திறந்து, தட்டு சுற்றுவதையும் அதன்மேல் ஊசி இருப்பதையும் பார்த்தார். "நீ கேக்குது கேக்குதுன்னு சொன்னதெல்லாம் நெசந்தானா?" என்றார். "நெசந்தானுங்கப்பா" என்றேன், அழுதுகொண்டே. அவரும் அழுவார் என்று நினைத்தேன். அவர், "அடப் பாவமே, அந்தக் கம்பெனிக்காரங்களை எத்தனை பேச்சுப் பேசிப்போட்டேன்" என்றார். அம்மாவுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது, புரிந்ததும், "ஏனுங்க, காது போச்சுன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானுங்களே, நான் கத்துனதெல்லாம் எந்தக் கணக்குல வெக்கறது?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

டாக்டர், தறிச்சத்தம் தின்றது திரும்பாது, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், முதலில் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வாருங்கள் என்றார். அப்பா செக்ஷன் மாற்றிக் கேட்டார். மில்லில் "பாக்கலாமுங்க" என்றார்கள். எவ்வளவு மரியாதை! உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் "பாக்கலாமுங்க". மறுபடி போனபோதும் அதே காப்பி, அதே பதில். பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அப்பா அதே தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தார், மில் மூடிய அன்றைக்குத்தான் வெளியே வந்தார். அதற்குள் பாட்டின் குரலும் அவர் காதைவிட்டுப் போய்விட்டிருந்தது. காதில் மாட்டும் கருவியை வைத்துப் பார்த்தோம். பேச்சு கொஞ்சம் விளங்கியது, பாட்டு வைத்தால் தகரத்தைத் தரையில் இழுப்பது போலிருக்கிறது என்று கழற்றி வைத்தவர் பின்பு பாட்டுக்காக அதைப் போடவே இல்லை. இப்போது அந்தக் கருவியாலும் பலனில்லை.

டாக்டரிடம் போய்வந்த சில நாளில் ரங்கசாமி அண்ணனைத் தேடி நான் தனியாகப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை. "எனக்கு ரொம்ப வருசமாத் தெரியுமுங்க அம்மணி. நான் பின்னாடி நின்னு கூப்புட்டாத் திரும்பமாட்டாருங்க. அம்பது தட்டு அருமையா வாங்கி ரசிக்கற மனுசனைப் பாத்து, உங்களுக்குக் காது கேக்கலீங்கன்னு எந்த வாயில சொல்றதுங்க? சொல்ல நாக்கு எழலீங்க" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கோ அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஒருவர், ஒரே ஒருவர், மரியாதை கெட்டத்தனமாக, "யோவ், உனக்குக் காது கேக்கலை" என்று அப்போதே சொல்லியிருந்தால், மில் நன்றாக ஓடிய அந்த நாளில் வேறு செக்ஷன் கிடைத்திருக்கும். மேல் சத்தம் போனாலும் குரல் தங்கியிருக்கும். எங்கள் ஊரின் மரியாதையை மற்ற ஊர்க்காரர்கள் புகழும்போது நானும் புன்னகைக்கிறேன். உள்ளே எனக்கு அப்படியே எரிகிறது.

இன்று மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. சங்கு ஊதுவதில்லை, லைன் வீடுகள் இல்லை, அண்ணனின் கடை இருந்த சந்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அம்மாவும் இல்லை. அப்பா என்னோடு சரவணம்பட்டியில் இருக்கிறார். நம்மாளின் பாட்டுகள், வந்த எல்லாப் பதிப்புகளும், என் போனுக்குள் இருக்கின்றன. ஒத்துப் பார்க்கத் தட்டை மாற்ற வேண்டாம், விரலால் தொட்டால் போதும். கம்பெனிக்காரர்கள் இன்னும் சலிக்காமல் சுத்தம் செய்து சுத்தம் செய்து வெளியிடுகிறார்கள். நானும் சில நாள் உட்கார்ந்து ஒத்துப் பார்க்கிறேன். எது மேல் என்று சொல்ல ஆளில்லை.

போன மாதம் ஒரு செய்தி பார்த்தேன். நம்மாள் பாடி, யாரும் வெளியிடாமல் எங்கோ கிடந்த பாட்டு ஒன்று அகப்பட்டு வெளிவந்திருந்தது. பழைய பாட்டுகள் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை, அவை தலைக்குள் ஓடுகின்றன என்று அப்பாவே சொல்வார். சில சாயங்காலங்களில் நாற்காலிக் கையில் அவர் விரல் தாளம் போடும். இது அவர் கேட்டே இராத பாட்டு. சொல்வதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எண்பது வயது மனிதர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "புதுசா? நம்மாளுதா? வை, வை கண்ணு" என்றார்.

போனோடு இணைத்த ஸ்பீக்கர் பெட்டியை அவருக்கு அருகில் நகர்த்தி வைத்தேன். அதிர்வு தெரிய அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். தறிக்கூடத்தில் உதடு பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள். என் முகத்தைச் சுட்டிக்காட்டி, கூடவே பாடச் சொன்னார். நானும் எதிரில் உட்கார்ந்து, பாட்டோடு சேர்ந்து வார்த்தை வார்த்தையாக வாயசைத்தேன். அவர் என் உதட்டையே பார்த்தார், கையை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், நான் வேகமாக அசைத்தால் இன்னும் கிட்டக் குனிந்தார். பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டார்.

"வார்த்தை கொஞ்சம் தெரியுது. பாட்டு எப்பிடிப் போகுதுன்னு தெரியலையே கண்ணு" என்றார். பிறகு, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாவம், அந்த மனுசனை எதுக்குச் சும்மா கத்த உடறே. நிறுத்திப் போடு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார்.

நான் நிறுத்தவில்லை. அது அவருக்குத் தெரியாது.